கிளினிக் நாளுக்கும் பேர் போடு!



நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையின் இதய வால்வைச் சரிசெய்ய டொக்டருக்கோ ஒப்பரேஷன் தியேட்டருக்கோ கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போகும் கொழுந்துத் தாய்க்கு அன்றைக்குப் பேர் இல்லை. ஒப்பரேஷன் இலவசம், போய்வரும் நாள் மட்டும் இலவசமில்லை. வால்வுக் குறையோடு பிறக்கும் நம் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஆகவே எங்கள் சங்கம் ஒரு கோரிக்கையை எல்லாத் தோட்டங்களிலும் முன்வைக்கிறது: இதய நோயுள்ள பிள்ளையை கிளினிக்குக்குக் கொண்டுபோகும் நாளுக்குப் பேர் போட வேண்டும். அரைப்பேர் அல்ல, முழுப்பேர். இது ஏன் சலுகை அல்ல, உரிமை என்பதை விளங்கிக்கொள்ள முதலில் நோயை விளங்கிக்கொள்ள வேண்டும்.

வால்வு என்றால் என்ன?

லயத்துக்குத் தண்ணீர் வரும் பைப்பில் வால்வு இருப்பது நமக்குத் தெரியும். தொழிற்சாலை பொயிலரிலும் உண்டு. தண்ணீரோ நீராவியோ ஒரு பக்கம் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. இதயத்திலும் இதே வேலைதான். அங்கே நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தம் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கும், இதயத்திலிருந்து நுரையீரலுக்கும் உடம்புக்கும் போகும்போது அவை கதவைப் போல் திறந்து மூடுகின்றன.

பிறவியிலேயே இந்தக் கதவு சில பிள்ளைகளுக்குச் சரியாக அமைவதில்லை. சிலருக்குக் கதவு இறுகி, வழி குறுகிவிடுகிறது. அப்போது இதயம் முட்டித் தள்ளித்தான் இரத்தத்தை அனுப்ப வேண்டும். சிலருக்குக் கதவு முழுதாக மூடாமல் இரத்தம் பின்னால் கசிகிறது. சிலருக்கு வழியே இல்லாமல் அடைபட்டிருக்கும். நம் ஊரில் இதையெல்லாம் சேர்த்து "ஹார்ட்டில் ஓட்டை" என்று சொல்லிவிடுகிறோம். ஓட்டை வேறு, வால்வுக் குறை வேறு. சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். டொக்டர் என்ன பெயர் சொன்னார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது தாயின் முதல் வேலை, அதற்குத் துணை நிற்பது தோட்டக் கமிட்டியின் முதல் வேலை.

உலகம் முழுவதும் பிறக்கும் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை உண்டு. பணக்காரன், ஏழை, நகரம், தோட்டம் என்று அது பார்ப்பதில்லை. பிறந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பணமும் இடமும் பார்க்கப்படுகின்றன.

தலையெழுத்து அல்ல, தாயின் பாவமும் அல்ல

இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் லயத்தில் முதலில் குற்றம் சாட்டப்படுபவள் தாய். கிரகணத்தில் வெளியே போனாள், சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டாள், யாரோ விட்ட சாபம் என்று பேச்சு எழும். இதைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. பிள்ளையின் இதயம் கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்திலேயே உருவாகிவிடுகிறது. தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாத காலம் அது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று எந்த டொக்டராலும் காட்ட முடியாது.

தெரிந்த சில காரணங்கள் உண்டு. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்கு ருபெல்லா காய்ச்சல் வந்தால் பிள்ளையின் இதயம் பாதிக்கப்படலாம். 1941 இல் அவுஸ்திரேலியக் கண் டொக்டர் நோர்மன் கிரெக் இந்தக் காய்ச்சலுக்கும் பிறவிக் குறைகளுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினார். நம் நாட்டில் 1996 முதல் அதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது. தாயின் நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் அபாயம் கூடும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளிடமும் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. இவற்றில் எதுவும் பாவம் அல்ல. மருத்துவமாதுவிடம் நேரத்தோடு பதிந்துகொள்வதும், தடுப்பூசி போட்டோமா என்று பார்ப்பதும், குடும்பத்தில் ஏற்கெனவே இதயக் குறையுள்ளவர் இருந்தால் அதைச் சொல்வதும்தான் நாம் செய்யக்கூடியவை. சொன்னால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஸ்கான் மூலம் இதயத்தைப் பார்க்க வழி உண்டு.

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள்

ஒரு விஷயத்தை எல்லாத் தாய்மாரும் அறிய வேண்டும். கடுமையான வால்வு அடைப்போடு பிறந்த பிள்ளையும் முதல் நாளில் நல்ல பிள்ளையாகத் தெரியலாம். வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்கு இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு இரத்தக் குழாய் திறந்திருக்கும். பிறந்த பிறகும் சில நாட்கள் அது திறந்தே இருப்பதால், அடைபட்ட வால்வைச் சுற்றி இரத்தம் அந்தக் குறுக்குப் பாதையில் போய்விடும். அந்தப் பாதை மூடும்போதுதான் பிள்ளை திடீரென்று நீலம் பாய்ந்து, மூச்சு வாங்கி, துவண்டு போகும். அதற்குள் தாயும் பிள்ளையும் துண்டு வெட்டி லயத்துக்கு வந்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்தக் குழாயைத் திறந்தே வைத்திருக்க மருந்து இருக்கிறது. லயத்தில் என்ன இருக்கிறது? மூடிய டிஸ்பென்சரியும் கொழுந்து ஏற்றப் போன லொறியும்தான்.

இதைப் பிடிக்க ஒரு சிறு சோதனை உண்டு. பிள்ளை பிறந்து ஏறத்தாழ ஒரு நாள் ஆனதும், வலது கையிலும் ஒரு காலிலும் சிறு விளக்கு போன்ற கருவியை ஒட்டி இரத்தத்தில் ஒக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. 95 க்கும் மேல் இருந்தால் நல்லது. 90 க்குக் கீழே இருந்தால் உடனே டொக்டர் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் மறுபடி சோதிக்க வேண்டும். துண்டு வெட்டும் முன் "பிள்ளைக்கு ஒக்சிஜன் பார்த்தீர்களா, எவ்வளவு?" என்று கேளுங்கள். கிளினிக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. பிள்ளை நீலமாகாத வால்வுக் குறைகள் இதில் தப்பிவிடும். ஆகவே பால் குடிக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? கொஞ்சம் குடித்து, களைத்து, விட்டுவிட்டு மறுபடி குடிக்கிறதா? தூங்கும்போது கூட ஒரு நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? எடை ஏறவில்லையா? உதடும் நாக்கும் நீலமாகத் தெரிகிறதா? நம் பிள்ளைகளின் தோலில் நீலம் எளிதில் தெரியாது, நாக்கையும் ஈறையும் பாருங்கள். பிள்ளைக்காம்பராவில் நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கும் இந்த அடையாளங்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும். தாய் மலையில் நிற்கும்போது பிள்ளையின் மூச்சைப் பார்ப்பவர் அவர்தானே!

இன்னொன்று: டொக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டு "ஒரு சத்தம் இருக்கிறது" என்று சொன்னால் உடனே பயப்பட வேண்டாம். பல பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் குற்றமற்றது, வளர வளரப் போய்விடும். ஆனால் எது குற்றமற்றது என்று தீர்மானிப்பது எக்கோ சோதனை. பக்கத்து வீட்டு அக்கா அல்ல, டிஸ்பென்சரி சிரப்பும் அல்ல.

பிழைத்த பிறகு என்ன?

வால்வுக் குறை என்றாலே பிள்ளை போய்விடும் என்ற காலம் மலையேறிவிட்டது. வசதியுள்ள நாடுகளில் பிறவி இதயக் குறையோடு பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் அளவில் பெரியவர்களாகி வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் எல்லா வால்வுக்கும் ஒரே எதிர்காலம் இல்லை.

நுரையீரலுக்குப் போகும் வால்வு மட்டும் இறுகியிருந்தால் நல்ல நம்பிக்கை உண்டு. தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை அனுப்பி, அதன் நுனியில் உள்ள சிறு பலூனை ஊதி வால்வைத் திறக்கும் முறை 1982 இல் அமெரிக்காவில் தொடங்கியது. நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. இப்படிச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடி விளையாடி வளர்கிறார்கள்.

உடம்புக்கு இரத்தம் அனுப்பும் பெரிய வால்வு இறுகியிருந்தால் கதை கொஞ்சம் நீளம். அதையும் பலூனால் திறக்கலாம். ஆனால் மறுபடி இறுகலாம், அல்லது கசியத் தொடங்கலாம். பலருக்கு வளரும் காலத்தில் இரண்டாவது, மூன்றாவது சிகிச்சை தேவைப்படும். இந்த வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டும். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இரண்டு இதழ்தான் இருக்கிறது. அவர்களில் பலர் நாற்பது ஐம்பது வயது வரை எதுவும் தெரியாமலே வாழ்கிறார்கள். நம் மலையில் மூட்டை சுமந்து ஏறும்போது மயங்கி விழும் தோழரை "பட்டினி, வெயில்" என்று சொல்லி விட்டுவிடாமல் இதயத்தையும் பார்க்கச் சொல்வது நல்லது.

நீலப் பிள்ளைகள் என்று சொல்லப்படும் பலருக்கு இருப்பது ஃபலோ நோய். அதில் ஓட்டையும் உண்டு, நுரையீரல் வால்வுப் பாதையில் இறுக்கமும் உண்டு. சிறு வயதில் ஒரு பெரிய ஒப்பரேஷனில் சரிசெய்கிறார்கள். ஆனால் பாதையை அகலமாக்கும்போது வால்வு பல பிள்ளைகளுக்குக் கசியத் தொடங்கும். பதினைந்து, இருபது, முப்பது வயதில் அவர்களில் பலருக்குப் புது வால்வு தேவைப்படும். 2000 ஆம் ஆண்டு முதல் அந்த வால்வைக் கூட நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாக வைக்க முடிகிறது. ஆனால் எப்போது வைக்க வேண்டும் என்பதை கிளினிக்தான் சொல்லும். பிள்ளைக்கு வலி வந்து சொல்வதில்லை. இதயம் பெருத்துப் பலவீனப்பட்ட பின் வந்தால் காலம் கடந்துவிடும்.

வால்வையே மாற்றியவர்களின் நிலை இன்னும் பொறுப்பானது. வைத்த வால்வு பிள்ளையோடு வளராது. ஐந்து வயதில் போட்ட சப்பாத்து பதினைந்து வயதில் காணாது என்பது போல, வளர்ந்ததும் பெரிய வால்வு வைக்க வேண்டும். மிருகத் திசுவால் ஆன வால்வு சிறுவர்களிடம் சீக்கிரம் கெட்டிபட்டுப் போகும். உலோக வால்வு நீண்ட காலம் இருக்கும், ஆனால் அதில் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை வேண்டும். மாத்திரை கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் உறைந்து உயிருக்கே ஆபத்து. அதனால் அடிக்கடி இரத்தம் சோதித்து அளவை மாற்ற வேண்டும்.

ஆக, தோழர்களே, ஒப்பரேஷன் முடிந்த நாள் முடிவு நாள் அல்ல. நெஞ்சில் தையல் ஆறிவிட்டது, பிள்ளை ஓடுகிறது, இனி எதற்கு கிளினிக் என்று எண்ணுவது இயற்கை. ஆனால் வால்வுப் பிள்ளையின் ஆயுள் அந்த கிளினிக் அட்டையில்தான் இருக்கிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாமல் நிற்கும் தாயைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம்

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபா. அதை வைத்தே கணக்குப் போடுவோம். பதுளையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 230 கிலோமீற்றர். காலை கிளினிக்குக்கு முதல் நாளே கிளம்ப வேண்டும். இரண்டு நாள் போச்சு. கைப்பிள்ளையையும் பையையும் றிப்போட்டுகளையும் ஒருவராகத் தூக்க முடியாது. தாயும் தகப்பனும் போனால் நான்கு பேர் போச்சு. 5,400 ரூபா. இது பஸ் கூலிக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போனால் ஆண்டுக்கு 21,600 ரூபா. வார்ஃபரின் குடிக்கும் பிள்ளைக்கு மாதத்துக்கு ஒரு நாள் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்கப் போனால் கூட தாய்க்கு ஆண்டுக்கு 12 பேர், 16,200 ரூபா. பேர் போன நாளுக்கு ஊழியர் சேமலாப நிதியில் கம்பனி போடும் 12 வீதமும் போச்சு. பிள்ளையின் நோய்க்காக அந்தத் தாய் தன் வயோதிப காலக் காசையும் சேர்த்துக் கொடுக்கிறாள்.

சம்பளம் கூடினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லலாம். கூடட்டும், கூட்டத்தான் போராடுகிறோம். ஆனால் பேர் போனால் போன நாளின் இழப்பும் அதோடு கூடும். இந்த ஓட்டையைச் சம்பள உயர்வால் அடைக்க முடியாது. பேர் போட்டுத்தான் அடைக்க வேண்டும்.

பிரசவ விடுமுறை 84 நாள் உண்டு. 2018 இல் திருத்திய சட்டப்படி எத்தனையாவது பிள்ளை என்றாலும் அந்த 84 நாள் கிடைக்கும். ஆனால் பிள்ளையின் வால்வு 84 நாளில் தன் தொந்தரவை முடித்துக்கொள்வதில்லை. ஆறாம் மாதம் ஒப்பரேஷன் என்றால், ஆஸ்பத்திரி வாட்டில் பிள்ளையோடு வாரக்கணக்கில் தங்கும் தாய்க்கு எந்தப் பேரும் இல்லை.

இப்போது கம்பனியின் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் இப்படி ஐந்து பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தாய்க்கும் ஆண்டுக்கு எட்டுப் பேர் போட்டால் 40 பேர். 54,000 ரூபா. துரையின் ஜீப்புக்கு டயர் மாற்றக் கூட இந்தக் காசு காணாது! இதைக் கேட்டால் "தேயிலை விலை இறங்கிவிட்டது" என்று பதில் வரும். தேயிலை விலை ஏறிய ஆண்டுகளில் இந்தப் பேரை யாராவது போட்டார்களா?

இரண்டு கதவும் மூடினால்

நிர்வாகத்திடம் போனால், "சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை" என்கிறார்கள். அரசாங்கக் கந்தோரில் கேட்டால், "அது தோட்டத்துக்குள் வரும் விஷயம்" என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912 இல், தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி கொடுப்பது தோட்டத்தின் கடமை என்று கட்டளைச்சட்டம் வந்தது. அவன் அன்பால் செய்யவில்லை, கூலியாள் செத்தால் தேயிலை கிடைக்காது என்று செய்தான். எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது, பல அப்படியே விடப்பட்டன. கை மாறி மாறிப் போனதில் கடமை எந்தக் கையில் தங்கியது என்று இன்றுவரை யாரும் நேராகச் சொல்வதில்லை. வால்வில் இரண்டு கதவும் சேர்ந்து இறுகினால் என்ன நடக்குமோ அதுதான் இங்கே நடக்கிறது.

இன்னும் இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, கடிதம். ஒப்பரேஷனுக்கான திகதி சில இடங்களில் கடிதமாகத்தான் வருகிறது. லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, யார் கையிலாவது தங்கி, திகதி முடிந்த பிறகு கைக்குக் கிடைக்கிறது. தவறிய திகதிக்குப் பதில் வரிசையின் கடைசியில் இடம்!

மற்றது, மொழி. 1987 இல் வந்த 13 ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. ஆனால் எத்தனை தாய்மாருக்கு வார்ஃபரின் அளவு தமிழில் எழுதிக் கொடுக்கப்படுகிறது? திங்கள் ஒரு மாத்திரை, செவ்வாய் ஒன்றரை என்று வேற்று மொழியில் வேகமாகச் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டு வரும் தாயிடம், அளவு பிழைத்தது உன் குற்றம் என்று யார் சொல்ல முடியும்?

பிச்சையாக வேண்டாம்

பத்திரிகையில் நெஞ்சில் தழும்புள்ள பிள்ளையின் போட்டோவும் வங்கிக் கணக்கு இலக்கமும் போட்டு உதவி கேட்கும் பெற்றோரை நாம் குறை சொல்லவில்லை. பிள்ளை உயிரோடு போராடும்போது எந்தக் கதவையும் தட்டத்தான் வேண்டும். கொடுத்த கைகளுக்கும் நன்றி. ஆனால் தேர்தல் காலத்தில் வந்து ஒரு காசோலையைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துப் போகிறவர்களிடம் கேட்கிறோம்: அடுத்த கிளினிக்குக்கு யார் வருவார்கள்? பத்து வருடம் கழித்து வால்வு மாற்றும்போது எந்தப் பெருமகன் வருவார்? வால்வு நோய் வாழ்நாள் நோய். அதற்கு வாழ்நாள் ஏற்பாடு வேண்டும். ஒரு நாள் தர்மம் போதாது.

இந்த மருத்துவமே ஒரு தொழிலாளியின் கையிலிருந்து வந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். அமெரிக்காவில் விவியன் தோமஸ் என்ற கறுப்பினத் தச்சுத் தொழிலாளி இருந்தார். மேற்படிப்புக்குச் சேர்த்த காசு வங்கி வீழ்ச்சியில் போனது. 1930 இல் ஒரு சத்திரசிகிச்சை ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி வேலை, பதிவில் போட்டதோ கூட்டித் துடைக்கும் தொழிலாளி என்ற பெயரும் அந்தச் சம்பளமும்! நீலப் பிள்ளைகளுக்கான முதல் ஒப்பரேஷன் முறையை ஆய்வுகூடத்தில் கைபழக்கிச் செய்து காட்டியவர் அவர். 1944 நவம்பர் 29 அன்று ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் டொக்டர் பிளலொக் அந்த ஒப்பரேஷனைச் செய்தபோது, பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவரும் அவரே. 1976 இல்தான் அவருக்குக் கௌரவ டொக்டர் பட்டம் கிடைத்தது. வேலை ஒன்று, பேர் இன்னொன்று என்ற அநியாயம் நமக்குப் புதிதல்ல. அந்தத் தொழிலாளியின் கை திறந்த வழியில் தொழிலாளியின் பிள்ளை போக முடியாது என்றால் அது என்ன நியாயம்?

பிள்ளை வளர்ந்து ஆளாகும்போது

பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில், "ஹார்ட் பிள்ளை, படிக்க வைத்து என்ன பயன்" என்று சொல்லாதீர்கள். கடும் உடலுழைப்பு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் படிப்புதான் கைத்தொழில். பல்லைக் கவனியுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி வால்வில் தங்கினால் உயிராபத்து. செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும், முன்கூட்டியே மருந்து தருவார்கள்.

சிறுவர் ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவர்கள் கிளினிக்குக்கு மாறும் வயதில்தான் பலர் தவறிப் போகிறார்கள். அதே வயதில்தான் நம் பிள்ளைகள் படிப்பை விட்டு கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அட்டை லயத்தில், பிள்ளை கொழும்பில்! வேலைக்குப் போகும் பிள்ளையின் பையில் உடுப்போடு கிளினிக் அட்டையும் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வார்த்தை. வால்வு சரிசெய்த பல பெண்கள் நல்லபடி பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் நம் நாட்டில் தாய்மார் மரணத்துக்கு இதய நோய் முக்கிய காரணங்களில் ஒன்று. வார்ஃபரின் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். தானாக நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. ஆகவே கர்ப்பத்துக்கு முன்பே டொக்டரிடம் பேச வேண்டும். தழும்பை மறைத்துக் கல்யாணம் பேசுவது பெண்ணின் உயிரோடு விளையாடுவதாகும். தழும்பு வெட்கம் அல்ல.

எங்கள் கோரிக்கைகள்

1. இதயக் குறையுள்ள பிள்ளையின் தாய் அல்லது தகப்பனுக்கு, கிளினிக் அட்டையைக் காட்டினால், போன நாளுக்கு முழுப்பேர். தூர ஆஸ்பத்திரி என்றால் பயண நாளுக்கும் பேர். ஒப்பரேஷனுக்காக வாட்டில் தங்கும் நாட்களுக்கும் பேர். இதைச் சம்பள நிர்ணய சபையும் தொழில் திணைக்களமும் சட்டமாக்க வேண்டும்.

2. தோட்டத்திலிருந்து பிரசவத்துக்குப் போகும் ஒவ்வொரு தாயின் பிள்ளைக்கும் ஒக்சிஜன் சோதனை செய்து கிளினிக் புத்தகத்தில் பதிய வேண்டும். முதல் வாரத்தில் மருத்துவமாது லயத்துக்கு வந்து பார்க்க வேண்டும். மருத்துவமாது வெற்றிடங்களைத் தமிழ் பேசுபவர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

3. இரவிலும் நோயாளியைக் கொண்டுபோக ஒவ்வொரு தோட்டத்திலும் வாகனம் வேண்டும். கொழுந்து லொறி அம்புலன்ஸ் அல்ல.

4. எக்கோ சோதனையும் வால்வுப் பிள்ளைகளின் தொடர் கிளினிக்கும் மலையக மாவட்ட ஆஸ்பத்திரிகளிலேயே ஒழுங்காக நடக்க வேண்டும். ஒப்பரேஷனுக்கு மட்டும் தூரம் போகலாம்.

5. மருந்தளவும் கிளினிக் திகதியும் தமிழில் எழுதித் தர வேண்டும். திகதியைக் கடிதத்தோடு விடாமல் பெற்றோருக்கு போனிலும் சொல்ல வேண்டும்.

6. வால்வு நோயுள்ள வளர்ந்த தொழிலாளிக்கு, டொக்டரின் துண்டுப்படி, சம்பளம் குறையாமல் இலகுவான வேலை.

இவை கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நாம் கனவு காணவில்லை. ஆகவே இந்த மாதமே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் மூன்று வேலைகளைத் தொடங்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் இதயக் குறையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று, பெற்றோரின் சம்மதத்தோடு, டிவிஷன் டிவிஷனாகப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த கிளினிக் எப்போது என்று தலைவரின் கொப்பியில் எழுதி, ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்துங்கள். கிளினிக்குக்குப் போனதால் பேர் மறுக்கப்பட்ட ஒவ்வொரு நாளையும் திகதியோடு குறித்து, அட்டையின் பிரதியோடு மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலோடுதான் நாம் தொழில் ஆணையாளரின் முன் போய் உட்காரப் போகிறோம்.

ஒரு தோட்டத்தில் இத்தகைய பிள்ளைகள் சிலர்தான். சிலர் என்பதால்தான் இத்தனை காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு பிள்ளைக்காக ஒரு டிவிஷன் முழுவதும் பிரட்டுக் களத்தில் நின்று கேட்டால் எந்தத் துரையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். சங்கம் என்பதற்கு அதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை.

கிளினிக் நாளுக்கும் பேர் போடு! முழுப்பேர் போடு!